கூலி பேசாத பயணம்

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலையை நோக்கி வரும் சாலைகள் யாவும் நிறைந்து வழிகின்றன. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர்ப் பாதையை நடந்து வலம் வருவதற்காகச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதுவையிலிருந்தும் இந்து சகோதரர்கள் திரள் திரளாக வந்து சேர்கிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று கூடும் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் இவ்வூர் முஸ்லிம் ஒருவர் திருமணத்துக்கோ மையித்துக்கோ வெளியூர் சென்று திரும்ப நேர்ந்தால், அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவரே. யாத்திரிகர் கொடுக்கும் கட்டணமே அவர் கொடுக்கும் கட்டணம். யாத்திரிகர் படும் பாடே அவர் படும் பாடு.

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமிக்கு முந்திய இரவில், பெங்களூரில் உறவினர் வீட்டு நிக்காஹ் முடிந்து நாம் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. அரசுப் பேருந்துகளில் நிற்பதற்கும் இடமில்லை. மருமகன் தம் கைப்பேசியில் தனியார் பேருந்து ஒன்றைப் பார்த்து நமக்கு ஓர் இருக்கை பதிந்தார். குளிரூட்டப்படாத வண்டி. திரையில் முதலில் தெரிந்த தொகை 799 ரூபாய். சாதாரண நாளில் ஏறத்தாழ அதில் பாதிக்கு அதே இருக்கை கிடைக்கும் என்றார். "நாள் அப்படி, மாமா" என்றும் சொன்னார். சரியென்று இசைந்தோம். பெயர், வயது, ஏறுமிடம் எல்லாம் எழுதி முடித்துப் பணம் செலுத்தும் இடத்துக்கு வந்தபோது அந்தத் தொகை 884 ஆக வளர்ந்திருந்தது. வரி 40, வசதிக் கட்டணம் 30, நாம் கேளாமலே சேர்க்கப்பட்டிருந்த பயணக் காப்பீடு 15. இன்ன வசதிக்காக இந்த வசதிக் கட்டணம் என்று அங்கே எழுதப்படவில்லை.

வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. சீட்டில் குறித்திருந்த தொலைபேசி எண்ணை அழைத்தால், எண் ஒன்றை அழுத்துக, எண் இரண்டை அழுத்துக என்று பதிவு செய்த குரல் ஒன்று பேசிக்கொண்டே இருந்தது. மனிதர் எவரும் வரவில்லை. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகப் புதுவை செல்லும் வண்டி அது. விடியற்காலை மூன்று மணியளவில் ஊருக்கு வெளியே புறவழிச் சாலையில் நம்மை இறங்கச் சொன்னார்கள். பேருந்து நிலையத்துக்குப் போகாதா என்று கேட்டோம். போகாது என்றார் வண்டியில் இருந்த இளைஞர். புதுவை வரைக்கும் உரிய கட்டணத்தை எங்களிடம் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "பாய், இது ஸ்டேஜ் வண்டி இல்லை. பாண்டி வண்டி. நீங்க நடுவுல இறங்கறீங்க, அவ்வளவுதான்" என்றார். அங்கிருந்து வீடு வந்து சேர ஆட்டோவுக்கு 300 ரூபாய் கொடுத்தோம்.

இப்படிப்பட்ட துன்பம் ஆயிரம் பேருக்கு நேர்கிறது. எழுதி வைக்கத் தக்க புதுமை இதில் ஏதுமில்லை. ஆயினும் அந்த இளைஞர் சொன்ன 'ஸ்டேஜ்' என்னும் சொல் வீடு வரும்வரை நம் காதில் நின்றது. காரணம், முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு நாம் ஓதிக் கொடுத்து வரும் கிதாபு ஒன்றில் அதே சொல் வேறு உடையில் இருக்கிறது.

ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா' ஹனஃபீ மத்ரஸாக்கள் எங்கும் ஓதப்படும் நூல். அதில் இஜாரா என்னும் வாடகை ஒப்பந்தத்தைப் பற்றிய பகுதி நெடியது. கொள்ளும் பயனும் தெரிந்திருக்க வேண்டும், கொடுக்கும் கூலியும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் முதல் நிபந்தனை. மக்காவுக்குச் செல்ல ஒட்டகம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தியவனிடம் ஒட்டகக்காரன் கூலியை எப்போது கேட்கலாம் என்ற கேள்வி அங்கே வருகிறது. ஒவ்வொரு 'மர்ஹலா'வுக்கும் உரிய கூலியை அந்தந்த மர்ஹலா முடிந்ததும் கேட்கலாம் என்பது விடை. மர்ஹலா என்பது ஒரு நாள் பயணத்தின் முடிவில் தங்கும் இடம். நம் முன்னோர் 'மஜல்' என்று சொன்னது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் முதலில் பயணம் முழுதும் முடிந்த பின்னரே கூலி கடமையாகும் என்று கருதியிருந்து, பிறகு தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது. பயணியிடமிருந்து முழுப் பயணத்தின் கூலியையும் பிடித்து வைப்பதா, கடந்த தூரத்துக்கு மட்டும் வாங்குவதா என்பது ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே கூஃபா நகரில் ஆராயப்பட்ட செய்தி என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்வார்களாக.

அவ்விடத்தில் இன்னும் சில நுட்பங்கள் உண்டு. ஒட்டகத்தில் குறிப்பிட்ட எடையுள்ள உணவுப் பொருள்களை ஏற்றிச் செல்லப் பேசியவன், வழியில் அதில் கொஞ்சம் உண்டுவிட்டால், உண்ட அளவுக்கு மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கூலி இல்லை. அம்பாரியில் இருவர் ஏறிச் செல்வதாகப் பேசினால் வழக்கத்தில் உள்ள அம்பாரி என்றே பொருள். ஆயினும் ஒட்டகக்காரன் அதை முன்கூட்டியே கண்ணால் பார்த்துக்கொள்வது நலம். பின்னால் சச்சரவு எழக்கூடிய ஒவ்வொரு வாசலையும் புறப்படுவதற்கு முன்பே அடைத்துவிட வேண்டும் என்ற கவலையே அந்தப் பக்கங்கள் முழுவதும் தெரிகிறது.

ஆங்கிலேயரின் 'ஸ்டேஜ்' என்பதும் மர்ஹலாவின் பிள்ளைதான். குதிரைகளை மாற்றும் இடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அவர்கள் அவ்வாறு அழைத்தார்கள். அவ்விடங்கள் வழியாக ஆளேற்றிச் செல்லும் வண்டி 'ஸ்டேஜ் காரியேஜ்' ஆயிற்று. இந்தியாவில் 1861இலேயே அந்தப் பெயரில் ஒரு சட்டம் வந்துவிட்டது. குதிரை வண்டிகளில் கூலிக்கு ஆளேற்றுவோர் உரிமம் பெற வேண்டும், உரிமத்தில் கண்ட தொகைக்கு மேல் ஆளேற்றினால் தண்டம் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம்.

மோட்டார் வண்டி வந்த பிறகு தென்னாட்டில் தனியார் பேருந்துகள் பெருகின. 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய சேவை, குறித்த நேரத்தில் புறப்படும் ஒழுங்குக்காகப் பேர் பெற்றது. எல்லோரும் அப்படி இருக்கவில்லை. வண்டி நிரம்பும்வரை காத்திருப்பதும், எதிரில் வேறு வண்டி வந்தால் கட்டணத்தைக் குறைப்பதும், அது போனதும் ஏற்றுவதும் அக்காலத்துப் பல முதலாளிகளின் வழக்கம். போட்டி முற்றிய இடங்களில் வண்டிகள் ஒன்றையொன்று முந்தி ஓடிக் கவிழ்ந்ததும் உண்டு. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டவே 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. தடத்துக்கு அனுமதி, அனுமதி வழங்க வட்டாரப் போக்குவரத்து ஆணையம், கட்டணம் விதிக்க மாகாண அரசுக்கு அதிகாரம் என்று அது ஒழுங்கு செய்தது. உடனே உலகப் போர் மூண்டது. பெட்ரோல் கிடைக்காமல் கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு பேருந்துகள் ஓடின. மேட்டில் ஏறும்போது பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை நம் தந்தையார் தலைமுறையினர் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறோம். தள்ளியதற்காகக் கட்டணம் குறையவில்லை. தள்ளும் வசதிக்காகக் கூடவும் இல்லை!

1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் நற்பயன் சிறு புத்தகம் போன்ற ஒரு கட்டணப் பட்டியல். இந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு இத்தனை ஸ்டேஜ், இத்தனை ஸ்டேஜுக்கு இவ்வளவு பணம். நடத்துநரின் கைச்சீட்டிலும் அதே எண்கள்தாம் அச்சாகியிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகூட செங்கத்துக்கு எவ்வளவு, போளூருக்கு எவ்வளவு என்று சரியாகச் சொல்லிச் சில்லறையை முந்தானையில் முடிந்து கொண்டுவருவார். கூலி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர் முந்தானையில் இருந்தது.

1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்ற பெயர்களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் கழகம் வந்தது. நெடுந்தூரப் பயணத்துக்கென 1980இல் திருவள்ளுவர் கழகம் தனியே அமைந்தது. 1997இல் அப்பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. 1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருவண்ணாமலை இன்று விழுப்புரம் கழகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. அரசுப் பேருந்துகளின் குறைகளை நாம் அறியாதவரல்லோம். மழையில் ஒழுகும் கூரைகளையும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும் இயந்திரங்களையும் நம்மைவிட அறிந்தவர் குறைவு. ஆனால் 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றி, மக்கள் கொதித்தெழுந்ததும் அதே மாத இறுதியில் சிறிது குறைத்தபோது, சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு, விரைவுப் பேருந்துக்கு 75 காசு என்று காசு வரை சொல்லியே குறைத்தார்கள். பௌர்ணமிக்கு ஒரு காசும் அமாவாசைக்கு ஒரு காசும் என்று அங்கே இல்லை.

இனி நம் கதைக்குத் திரும்புவோம். சட்டம் இரண்டு வகை வண்டிகளைப் பிரித்து வைத்திருக்கிறது. தனித்தனிப் பயணிகளிடம் தனித்தனிக் கட்டணம் வாங்கி, நிலைதோறும் ஏற்றி இறக்குவது ஸ்டேஜ் காரியேஜ். ஒரு கூட்டத்தார் ஒப்பந்தம் பேசி மொத்தமாக அமர்த்திக்கொள்ளும் வண்டி 'காண்ட்ராக்ட் காரியேஜ்'. திருமணக் கோஷ்டிக்கும் சுற்றுலாவுக்கும் பிடிக்கும் வண்டி இவ்வகை. வழியில் ஒப்பந்தத்தில் சேராத ஆட்களை ஏற்றவோ இறக்கவோ அதற்கு உரிமையில்லை. 1973இல் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய கையகப்படுத்தல் சட்டத்தின் தலைப்பில் இவ்விரு வகைகளும் சேர்ந்தே இடம் பெற்றன. 1989 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் இந்தப் பிரிவினையை அப்படியே காத்தது.

நாம் ஆம்னி பஸ் என்று அழைக்கும் நெடுந்தூரப் பேருந்துகள் பெரும்பாலும் இரண்டாம் வகை அனுமதியில் ஓடுகின்றன. ஆனால் செய்வதோ முதல் வகையின் தொழில். இருக்கை இருக்கையாக விற்கிறார்கள். ஒப்பந்த வண்டி ஆகையால் கட்டணப் பட்டியல் இல்லை. ஒப்பந்த வண்டி ஆகையால் நடுவில் இறங்குபவனுக்கும் கடைசி ஊர்க் கட்டணம். ஒப்பந்த வண்டி ஆகையால் பேருந்து நிலையத்துக்குள் நுழைவதில்லை; புறவழிச் சாலை இருளில் இறக்கிவிடுகிறார்கள். அன்று நாம் பட்ட மூன்று துன்பங்களும் இந்த ஒரு சொல்லிலிருந்து பிறந்தவையே. பயணியோ எவருடனும் ஒப்பந்தம் பேசியதில்லை. அவன் பேசியது 799 ரூபாய், கொடுத்தது 884.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 'ஆம்னிபஸ்' என்பது லத்தீன் மொழியில் 'எல்லோருக்கும்' என்று பொருள்படும். லண்டன் நகரில் 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் இந்தப் பெயரில் குதிரை வண்டிச் சேவை தொடங்கியபோது, முன்பதிவு எதுவும் வேண்டாமல், ஒரு ஷில்லிங் கொடுத்தவர் எவரும் ஏறிச் செல்லலாம் என்பதே அதன் பெருமை. அப்பெயர் நம் நாட்டுக்கு வந்து இப்படி ஆயிற்று.

கட்டணத்தின் மேல் கட்டணம் ஏறுவது இன்று நேற்றுத் தோன்றிய தீமையன்று. தமிழகத்தில் வழிச் சுங்கத்தை நீக்கியதற்காகவே முதலாம் குலோத்துங்க சோழன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று போற்றப்பட்டான். அவன் காலத்துக்குப் பின், ஹிஜ்ரி 578இல் (கி.பி. 1183) ஸ்பெயின் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் தம் பயணநூலில் எழுதி வைத்துள்ளவை நெஞ்சை வருத்துவன. செங்கடல் ஓரத்து ஐதாப் துறைமுகத்தில் மரக்கலக்காரர்கள் ஹாஜிகளைக் கூண்டில் கோழிகளை அடைப்பதுபோல் அடைத்தார்களாம். ஒரே பயணத்தில் மரக்கலத்தின் விலையையே ஈட்டிவிட வேண்டும், அதன் பின் கடல் எதைக் கொண்டு போனாலும் போகட்டும் என்பது அவர்கள் எண்ணம் என்கிறார் அவர். அதற்கு முன்னர் ஹாஜி ஒவ்வொருவரிடமும் ஏழரை தீனார் 'மக்ஸ்' என்னும் தீர்வை வாங்கப்பட்டு வந்தது. கொடுக்க இயலாதவர்கள் கொடிய வதைக்கு ஆளாயினர். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் அதனை ஒழித்து, மக்காவின் அமீருக்கு அந்த இழப்புக்கு ஈடாகப் பணமும் தானியமும் ஆண்டுதோறும் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். கதை அத்துடன் முடியவில்லை. ஈட்டுத்தொகை வந்து சேரத் தாமதமாகவே, அதற்கு ஹாஜிகள் ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும் என்று அந்த அமீர் பிடித்து வைத்ததையும் இப்னு ஜுபைர் தம் கண்ணால் கண்டு எழுதுகிறார். முன்வாசலில் ஒழித்த தீர்வை பின்வாசலில் வேறு பெயருடன் வந்து நின்றது.

இன்று அது இன்னும் நாகரிகமான பெயர்களுடன் வருகிறது. குளிரூட்டப்படாத பேருந்துக் கட்டணத்துக்குச் சரக்கு சேவை வரி இல்லை. ஆனால் 2022 ஜனவரி முதல், அதே இருக்கையை இணையவழி இடைத்தரகர் மூலம் பதிந்தால் 5 விழுக்காடு வரி உண்டு. அன்று நம்மிடம் வாங்கிய 40 ரூபாயில் தவறில்லை. அதை முதல் விலையோடு சேர்த்துச் சொல்லாததே தவறு. கேளாமலே சேர்த்த 15 ரூபாய்க் காப்பீட்டுக்கோ அந்த நியாயமும் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மத்திய ஆணையம், 2023 நவம்பர் இறுதியில் இத்தகைய 13 வகைத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்தது. முழு விலையை மறைத்து இறுதியில் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது அவற்றுள் ஒன்று. வாங்குபவன் இசைவின்றி அவன் கூடைக்குள் வேறொரு பொருளை நழுவவிடுவது மற்றொன்று. ஒரே ஓர் இருக்கைதான் மிச்சம் என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அப்பட்டியலில் உண்டு. சந்தைகளில் முஹ்தஸிப் என்னும் மேற்பார்வையாளர் உலவிய காலத்தில், மரக்கலங்களில் அளவுக்கு மேல் ஏற்றுவதைத் தடுப்பதும் அவர் கடமைகளுள் ஒன்றாக இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் எழுதியிருப்பது நினைவுக்கு வருகிறது. இன்றைய முஹ்தஸிபுக்குச் சட்டம் இருக்கிறது. சந்தையில் உலவுகிறாரா என்பதே கேள்வி.

அரசும் முதலாளிகளும் வழக்காடும்போது நடுவில் நசுங்குபவரும் பயணியே. 2024 ஜூனில், வெளிமாநிலப் பதிவெண்ணுடன் இங்கே ஓடிய ஆம்னி பேருந்துகளை அரசு தடுத்தது. அரசின் வாதம் நியாயமானதே. சுற்றுலாவுக்கென்று பெற்ற அனுமதியை வைத்துக்கொண்டு அன்றாடத் தடத்தில் ஓட்டுவது முறையன்று. ஆனால் பணம் கொடுத்து ஏறியவர்கள் பாதி வழியில் இறக்கப்பட்டு, பெட்டி படுக்கையுடன் தெருவில் நின்றார்கள்.

முதலாளிகள் பக்கத்தையும் சொல்லிவிடுவது நீதி. இருக்கைக்கு இவ்வளவென்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வரி, டீசல், சுங்கச் சாவடிகள் ஆகிய செலவுகள் அவர்களுக்கு உண்டு. பௌர்ணமியன்று நிறைந்து வரும் வண்டி திரும்பும்போது வெறுமையாகப் போவதும் உண்மை. ஆகவே விலை ஏறுவது ஒன்றையே வைத்து அவர்களைக் குற்றவாளிகள் என்று நாம் சொல்லமாட்டோம். மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை விதிக்குமாறு மக்கள் வேண்டியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசையவில்லை என்பது அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ். வியாபாரியும் அநீதிக்கு உள்ளாகக் கூடாது என்பதே அதன் கருத்து. ஆயினும் உணவுப் பொருளை விற்போர் அளவு கடந்து விலை ஏற்றி, மக்களின் உரிமையைக் காக்க வேறு வழியில்லாத நிலை ஏற்பட்டால், விவரம் அறிந்தோரைக் கலந்து விலை விதிப்பதில் குற்றமில்லை என்று ஹிதாயாவே கூறுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ஒப்பந்த வண்டிகளுக்கும் உச்ச, நீச்சக் கட்டணம் விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. பண்டிகைதோறும் எச்சரிக்கை விடுத்து, புகாரளிக்க எண் கொடுத்து, சில வண்டிகளுக்கு அபராதம் விதிப்பதோடு நிற்காமல், அந்தப் பிரிவை எடுத்துப் படித்தால் நலம்.

மார்க்கச் சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. கூலி சரியாகப் பேசப்படாத ஒப்பந்தம் பழுதானது. பழுதானது என்பதற்காக வேலை செய்தவனை வெறுங்கையுடன் அனுப்புவதுமில்லை. அவன் கேட்டதையெல்லாம் கொடுப்பதுமில்லை. அதுபோன்ற வேலைக்கு அவ்வூரில் வழங்கும் நியாயக் கூலி அவனுக்கு உரியது. இதனை 'அஜ்ருல் மிஸ்ல்' என்பர். பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்கு நியாயக் கூலி எவ்வளவு என்பதை அறிய அதே சாலையில் அரசுப் பேருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து நம் ஊருக்கு நீட்டிக்கப்பட்ட பயணிகள் ரயில், சென்னைச் சாலைக்கும் அப்படி ஓர் உரைகல்லைத் தந்திருக்கிறது. தொடங்கிய அன்று அதன் கட்டணம் 50 ரூபாய்.

நாம் எழுதிய புகாருக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. காப்பீட்டுத் தொகை 15 ரூபாய் திருப்பப்பட்டது. வசதிக் கட்டணம் திருப்பித் தரத்தக்கதன்று என்றும், இறங்குமிடம் வண்டிக்காரரின் பொறுப்பு என்றும் எழுதியிருந்தார்கள். வண்டிக்காரரைக் கேட்டால், பதிவு செய்தவர்களின் பொறுப்பு என்றார்.

அதற்குப் பின் ஒருநாள் ஹிதாயாவின் அந்த இடம் வகுப்பில் வந்தது. மர்ஹலா என்றால் என்ன என்று செங்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் கேட்டார். அவர் காலையில் வந்த பேருந்தின் சீட்டு சட்டைப்பையில் இருக்கிறதா என்று கேட்டோம். இருந்தது. அதை எடுத்து, ஏறிய இடம், இறங்கிய இடம், கட்டணம் என்று அச்சிட்டிருந்ததை உரக்கப் படிக்கச் சொன்னோம்.